எஸ்பிளனேடில் பிறந்த கிளப்

யானைக்கவுனியில் கவுனி இப்போது கிடையாது. பிரெஞ்சுக்காரர் முற்றுகைக்குப் பிறகு கும்பினிக்காரர்கள் கருப்பர் நகரத்தைச் சுற்றி எழுப்பிய மதிலில் அது ஒரு வாசல். மதிலுக்காக வரி போட நினைத்த கதைதான் பக்கத்திலேயே வால்டாக்ஸ் ரோடு என்று பெயராக நிற்கிறது. அங்கிருந்து பாரிமுனைப் பக்கம் நடந்தால் எஸ்பிளனேட் வரும். பழைய கருப்பர் நகரம் முதலில் அங்கேதான், கோட்டையை ஒட்டி இருந்தது. எதிரி வந்தால் பீரங்கிக்கு வீடுகள் மறைக்குமே என்று அதை இடித்துத் தள்ளி வெட்டவெளியாக்கினார்கள். இதைத் தாண்டி யாரும் வீடு கட்டக்கூடாது என்று 1773-ல் எல்லைத்தூண்களும் நட்டார்கள். பாரி கட்டடத்தில் அதில் ஒன்று இன்னும் நிற்கிறது.

பீரங்கிக்காக விட்ட அந்த வெளியில்தான் 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப் வந்தது.

இங்கிலாந்தின் கவுண்டி கிளப்புகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த கிளப்தான் ஞாபகம் வரும். (கவுண்டி, கவுனி, ரைமும் சேர்ந்துகொள்கிறது!) கென்ட் மாதிரி ஒரு கவுண்டிக்கு சொந்த ஜில்லா, சந்தா கட்டும் உறுப்பினர்கள், சாம்பியன்ஷிப் பட்டம் எல்லாம் உண்டு. 1906-லிருந்து 1913-க்குள் மட்டும் கென்ட் நாலு தடவை ஜெயித்தது. நம்ம ஊரில் அந்தக் கணக்கே வேறு. இங்கே முதல் கேள்வி, மைதானத்துக்குள் யாரை விடுவார்கள் என்பதுதான்.

1846-ல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளைக்காரர்களுடையது. புச்சி பாபு நாயுடு (1868–1908) சின்ன வயதில் ஆட்டம் பார்க்கப் போனது அங்கேதான். பாரி கம்பெனிக்கு துபாஷாக இருந்த தாத்தாவின் வீட்டில் வளர்ந்தவர், மயிலாப்பூர் லஸ் பங்களாக்காரர். பணத்துக்குக் குறைவே இல்லை. துரைமார் பெவிலியனில் சாப்பிட, இந்திய ஆட்டக்காரர்கள் மரத்தடியில் சாப்பிட வேண்டியிருந்ததைப் பார்த்துத்தான் தனி கிளப் தொடங்கினார் என்று சொல்வார்கள். பையன்களுக்கு மட்டை, பந்து, கால்காப்பு எல்லாம் தன் செலவிலேயே வாங்கிக் கொடுத்தார். பணக்காரர் தயவில் ஓடிய கிளப்தானே என்று கேட்கலாம்தான். ஆனால் சாதாரண வீட்டுப் பையனால் வாங்க முடியாத சாமான்கள் அவை. கொடுக்க ஆள் இல்லையென்றால் ஆட்டமும் இல்லை.

கிளப்பை விடப் பெரிய சாதனை, துரைமார்களையே எதிரணியாக இறங்க வைத்தது. 1908 டிசம்பரில் சேப்பாக்கத்தில் ஐரோப்பியர், இந்தியர் மேட்ச் என்று முடிவாயிற்று. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் புச்சி பாபு போய்ச் சேர்ந்துவிட்டார், நாற்பது வயதில்! மேட்ச் நிற்கவில்லை. பிறகு வருஷாவருஷம் பொங்கலை ஒட்டி நடக்கும் பிரசிடென்சி மேட்ச் ஆகி, 1952 வரைக்கும் ஓடியது.

மெட்ராஸுக்கென்று ஒரே அணி தேவைப்பட்டபோது இந்த இரண்டு தரப்பும் ஒன்றாக இறங்கின. 1934 நவம்பர் 4, சேப்பாக்கம், ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம். மெட்ராஸ் கேப்டன் சி.பி. ஜான்ஸ்டன், கென்ட் கவுண்டிக்கு ஆடியவர். அவர் அணியில் ஏ.ஜி. ராம்சிங். மைசூர் 48, மெட்ராஸ் 130, மைசூர் மறுபடியும் 59. ஒரே நாளில் ஆட்டம் க்ளோஸ். ராம்சிங்குக்கு மட்டும் 35 ரன்னுக்கு 11 விக்கெட்.

புச்சி பாபுவின் கடைசி மகன் கோட்டா ராமசாமி. தாய்வழிக்குத் தத்துப் போனதால் வீட்டுப்பெயர் மாறியது. 1922-ல் டேவிஸ் கோப்பையில் டென்னிஸ் ஆடியவர், 1936-ல் தன் நாற்பதாவது வயதில் ஓல்ட் டிராஃபோர்டில் இந்தியாவுக்காக முதல் டெஸ்டில் இறங்கினார். 40, 60 என்று அடித்தார். அப்பா காலமான அதே வயதில், மகன் இங்கிலாந்தில் மட்டை பிடித்தார்.

புச்சி பாபு பெயரிலான கோப்பைப் போட்டி நடுவில் சில வருஷம் நின்றுபோய், 2023-ல் மறுபடியும் தொடங்கியிருக்கிறது.