பழைய கணினியைத் துப்புரவு செய்யுமுன்...

மறைந்த வாப்பாவின் புகைப்படங்களை என் கையாலேயே அழித்தேன். கணினி ஆமையாக ஊர்கிறதே என்று, விண்டோஸ் 10இல் உள்ள 'டிஸ்க் கிளீனப்' பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்து அழுத்தினேன். 2018ஆம் ஆண்டுப் பதிப்பில் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையும் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. (2020ஆம் ஆண்டுப் பதிப்பில் அதனை நீக்கிவிட்டார்கள்.) மைத்துனர் படிகள் வைத்திருந்ததால் பாதி மீண்டது.

ஆகவே, முதலில் படங்களையும் ஆவணங்களையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் படியெடுங்கள். எடுத்தால் போதாது, நான்கைந்தைத் திறந்தும் பாருங்கள்.

அதன்பின் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளை ஒருசேர அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' தோன்றும். அதன் 'ஸ்டார்ட்அப்' பகுதியில், கணினியோடு சேர்ந்தே விழித்தெழும் மென்பொருள்களில் தேவையற்றவற்றை நிறுத்திவையுங்கள். இதில் எதுவும் அழிவதில்லை. வேண்டும்போது மீண்டும் இயக்கலாம். தற்காலிகக் கோப்புகளை அழிப்பதாலும் கேடில்லை. 'விண்டோஸ்' கோப்புறைக்குள் மட்டும் கை வைக்காதீர்கள். 'ரெஜிஸ்ட்ரி'யைத் துப்புரவு செய்வதாகக் கூறும் இலவச மென்பொருள்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே ஆதரிப்பதில்லை.

இவ்வளவுக்குப் பின்னும் மெதுவென்றால், பெரும்பாலும் குறை சுழலும் ஹார்ட் டிஸ்க்கில்தான். அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தியபின் எங்கள் கணினி பாங்கு சொல்லி முடியுமுன்னே எழுந்துவிடுகிறது.