பாட்டி பேர் ரெக்கார்டுல சரியா இருக்கா?

மதுரையைச் சுத்தி, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமெல்லாம் ராணுவத்துல இருந்த தாத்தாக்கள் நிறைய பேர். அதுல 1960-கள்ல சேர்ந்து ரிசர்விஸ்ட் ஆனவங்களும் உண்டு. சில வருஷம் படையில வேலை, அப்புறம் வீட்ல இருக்கலாம், கூப்பிட்டா போகணும். ரெண்டு காலமும் சேர்ந்து 15 வருஷம் இருந்தாதான் ரிசர்விஸ்ட் பென்ஷன். ஸோ, சேர்ந்த தேதியோ விலகின தேதியோ ரெக்கார்டுல தப்பா ஏறியிருந்தா பென்ஷனே கேள்விக்குறிதான்.

ஆனா பெரிய தலைவலி பாட்டி பேர்ல வரும். ஆதார்ல முத்துலட்சுமி, பென்ஷன் ஆணையில வெறும் லட்சுமி. தாத்தா இருக்கிற வரை யாரும் கவனிக்க மாட்டாங்க. அவர் போனதும் குடும்ப ஓய்வூதியம் கேட்கும்போதுதான் 'இவங்க யாரு?'னு கேள்வி வரும். பிறந்த தேதியும் முக்கியம். பாட்டிக்கு 80 வயசானா 20 சதவீதம் கூடுதலா வரணும்.

பேங்க்ல போய் பேரை மாத்தினா போதாது. நம்ம ஐடி பாஷையில சொன்னா அது வெறும் காப்பி. ஒரிஜினல் டேட்டா அந்தந்த ரெஜிமென்ட்டோட ரெக்கார்ட் ஆபீஸ்ல இருக்கு. மெட்ராஸ் ரெஜிமென்ட்னா நீலகிரி வெலிங்டன். அங்க சரிபார்த்து அனுப்பினதும் பிரயாக்ராஜ்ல இருக்கிற பாதுகாப்புத் துறை ஓய்வூதிய அலுவலகம் திருத்த ஆணை போடும். டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை, ஆதார் மூணையும் பக்கத்துல வெச்சு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்க. ஸ்பர்ஷ் போர்ட்டல்ல என்ன இருக்குன்னும் பார்த்துடுங்க. மனு எழுத மதுரையில முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல உதவி கேட்கலாம். தாத்தா கையெழுத்து போடுற நிலையில இருக்கும்போதே போங்க.