பூனைக்கும் இனிப்புநீர்

எங்கள் வீட்டில் இனிப்புநீர் உள்ளவர்கள் இருவர். ஒருவர் பாட்டி, இன்னொன்று எங்கள் பூனை மணி. பாட்டிக்கு விரலில் குத்துகிறோம், மணிக்குக் காதில்.

பூனைக்கு வீட்டில் எதற்குச் சோதனை என்று நண்பர்கள் சிரிப்பார்கள். கிளினிக்கில் நடுங்கும் பூனைக்கு அச்சத்தினாலேயே சர்க்கரை ஏறிவிடும். அந்த எண்ணை மட்டும் நம்பி இன்சுலினைக் கூட்டினால் ஆபத்து.

வெதுவெதுப்பான துணியைக் காதில் சற்று நேரம் வைத்தால் இரத்த ஓட்டம் கூடும். காதின் பின்னே பஞ்சை வைத்துக்கொண்டு, ஓரத்து இரத்தக் குழாயை ஒட்டிக் குத்தி, வரும் சொட்டைப் பட்டையில் தொட வேண்டும். முதல் வாரம் நான் என் விரலைத்தான் அதிகம் குத்திக்கொண்டேன். பாட்டியின் கருவி பூனை இரத்தத்தில் பெரும்பாலும் குறைத்தே காட்டும் என்பதால் விலங்குகளுக்கான கருவியை வாங்கினோம்.

மணிக்கு 12 மணிக்கு ஒருமுறை ஊசி. மருத்துவர் சொல்லும் நாளில் இரண்டு மணிக்கு ஒருமுறை சோதித்து எழுதி வைப்போம். சர்க்கரை எவ்வளவு தாழ இறங்குகிறது என்பது அதில்தான் தெரியும்.

தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஓர் இரவில் மணி தள்ளாடி நடந்தது. கருவி 2.6 மில்லிமோல் என்றது. ஈறில் தேனைத் தடவி, மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டது, இன்சுலின் அளவை அவர் குறைத்தார்.

“பூனைக்குப் போய் இவ்வளவு செலவா?” என்று கேட்ட பாட்டி, இப்போது தம் குறிப்பேட்டிலேயே மணிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்.