கெண்டைக்காலில் ஒரு வில்லன்!

ஆடிட் சமயம். நாலு நாள் நாற்காலியே கதியென்று கிடந்தேன். அது முடிந்த ராத்திரியே நாகர்கோவிலுக்கு பஸ். பன்னிரண்டு மணி நேரம், ஜன்னல் சீட். பக்கத்து சீட்காரர் குறட்டையில் ஒரு கச்சேரியே நடத்திக்கொண்டிருந்தார். எழுப்பச் சங்கோஜம். காலை அசைக்கவே இல்லை.

ஊரில் இறங்கினால் இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கியிருந்தது. தொட்டால் சூடு. 'வாய்வுடா' என்று அம்மா தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து, நன்றாக அழுத்தித் தேய்த்துவிட்டாள்.

மூன்றாம் நாள் மாடிப்படி ஏறினேன். பத்துப் படிக்குள் மூச்சு வாங்கியது. ஆழமாக இழுத்தால் விலாவில் சுருக் சுருக்!

"தொப்பைண்ணே!" என்று தம்பி சிரித்தான். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஆட்டோ பிடித்துவிட்டார்.

நெஞ்சு வலி என்று போனால், டாக்டர் முதலில் காலைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரத்தப் பரிசோதனை, சி.டி. ஸ்கேன்... நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி!

"கால் ரத்தத்தை மேலே தள்ளுற பம்ப்பே கெண்டைக்கால் தசைதான் தம்பி. அசையாம உட்கார்ந்தா ரத்தம் தேங்கி உறையும். அதுல ஒரு துண்டு பிய்ஞ்சு கிளம்பினா, இதயத்தோட வலப்பக்கம் நுழைஞ்சு நேரா நுரையீரல்ல போய் அடைச்சுக்கும். பெரிய துண்டா இருந்தா ஆளே காலி. வீங்கின காலைத் தேய்க்கவே கூடாது."

அம்மா முகத்தை நான் பார்க்கவில்லை.

ஜெர்மன் டாக்டர் ருடால்ஃப் ஃபிர்ஹோ 19-ம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்துச் சொன்ன சமாசாரமாம் இது. 2003-ல் ஈராக் போரைப் படம்பிடிக்கப் போன அமெரிக்க டி.வி. நிருபர் டேவிட் ப்ளூம், ராணுவ வண்டிக்குள் நாள்கணக்கில் காலை மடக்கி உட்கார்ந்தே போனார். குண்டுக்குத் தப்பியவர், இந்தக் கட்டிக்குத் தப்பவில்லை. வயசு 39.

எனக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, குறைந்தது மூன்று மாசம். மாத்திரை கட்டியை வளரவிடாது. கரைக்கிற வேலையை உடம்பே பார்த்துக்கொள்ளுமாம்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, இருமினால் ரத்தம் என்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இப்போது ஆபீஸில் மணிக்கொரு தரம் எழுந்து நடக்கிறேன். மானேஜர் முறைக்கிறார். முறைக்கட்டும். பஸ்ஸில் குறட்டைக்காரரையும் தைரியமாகத் தட்டுகிறேன்...

"மன்னிச்சுக்கோங்க சார், நான் எழுப்பறது உங்களை இல்லே... என் கெண்டைக்காலை!"