ஒரு விழுக்காடு வானம்

நட்சத்திரங்களே சரியாகத் தெரியாத நகரத்து மொட்டைமாடியிலிருந்து, சுமார் 5,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள ரோசெட் நெபுலா என்னும் வாயு மேகத்தைப் படமெடுக்கலாம். அதற்குப் பெரிய தொலைநோக்கிகூட வேண்டாம். வருகிற ஒளியில் பெரும்பகுதியைத் தள்ளிவிடும் ஃபில்டர்தான் வேண்டும்.

இத்தகைய நெபுலா எல்லா நிறத்திலும் ஒளிர்வதில்லை. சூடான நட்சத்திரங்களின் புறஊதாக் கதிர் வாயு அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெறிய, அந்த வாயு சில அலைநீளங்களில் மட்டும் ஒளிர்கிறது: ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரில், இரண்டு எலக்ட்ரான் இழந்த ஆக்சிஜன் 500.7இல், கந்தகம் 672ஐ ஒட்டி. எல்இடி தெருவிளக்கோ 400 முதல் 700 வரை பரவிக் கிடக்கிறது. கண்ணாடிமேல் மெல்லிய படலங்களை அடுக்கடுக்காகப் பூசி 3 நானோமீட்டர் அகலத்துக்கு மட்டும் வழிவிட்டால், வான்வெளிச்சத்தில் ஏறத்தாழ 1 விழுக்காடே உள்ளே வரும். நெபுலாவின் ஒற்றை அலைநீள ஒளி, அதாவது அதன் கோடு, பெரும்பாலும் தப்பிவிடும். ஹைட்ரஜன் ஃபில்டர் நிலவொளியையும் சமாளிக்கும். ஆக்சிஜன் ஃபில்டருக்கு நிலா ஆகாது.

வேலை பொறுமையைக் கேட்கும். வானச் சுழற்சியைப் பின்தொடரும் மவுண்டில் கறுப்பு-வெள்ளை கேமராவை ஏற்றி, ஐந்து ஐந்து நிமிடமாக எடுத்த படங்களைக் கணினியில் ஒன்றாக்க வேண்டும். சாதாரண கேமராவின் உள்வடிகட்டி ஹைட்ரஜன் சிவப்பில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். கார்த்திகை விண்மீன் கூட்டத்தைச் சுற்றிய நீலத் தூசிக்கு இந்தக் குறுகிய ஃபில்டர் உதவாது. அது நட்சத்திர ஒளியைச் சிதறடிக்கிறதே தவிர, தானாக ஒளிர்வதில்லை.

நிறம் பற்றித்தான் சண்டை. ஹைட்ரஜனும் கந்தகமும் இரண்டுமே சிவப்பு என்பதால், 1995இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த 'படைப்பின் தூண்கள்' படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் கொடுத்தார்கள். பொய் நிறம் என்பார்கள் சிலர். எந்த வாயு எங்கே என்று காட்டும் படத்தைப் பொய் என்பது எனக்கு ஒப்பவில்லை. பச்சையைக் குறைத்துப் பொன்னிறமாக்குவது மட்டும் அவரவர் ரசனை.

அந்த 500.7 நானோமீட்டர் ஆக்சிஜன் கோட்டை 1864இல் வானியலாளர் வில்லியம் ஹக்கின்ஸ் பார்த்தார். புதுத் தனிமமென்று நம்பி 'நெபுலியம்' எனப் பெயரும் வைத்தார்கள். ஆக்சிஜன்தான் என்று இயற்பியலாளர் ஐரா போவன் நிறுவ 1927 ஆயிற்று. அதே கோட்டில் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தைப் பல இரவுகள் படமெடுத்த அமெச்சூர்கள், அதனருகே முழுநிலவைப்போல் மூன்று மடங்கு நீளமான வளைவொன்றைக் கண்டு 2023இல் அறிவித்தார்கள். அவ்வளவு மங்கலாக, அவ்வளவு அகலமாக இருந்ததால் பெரிய தொலைநோக்கிகளின் குறுகிய பார்வைக்கு அது அகப்பட்டிருக்கவில்லை. அது ஆண்ட்ரோமெடாவைச் சேர்ந்ததா, நம் பால்வீதிக்குள்ளேயே இருப்பதா என்று வானியலாளர்கள் ஆராயத் தொடங்கினார்கள்.