மண்ணும் தாளும் மழலைக் கல்வியும்

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்பது நம் முன்னோர் மொழி. இன்றைய பெற்றோர் பலர் அதனை ‘மூன்றிலேயே வளைத்துவிடு’ என்று பொருள் கொண்டுவிட்டனரோ என ஐயுற வேண்டியுள்ளது.

மூலக்குளத்தில் எங்கள் அடுத்த வீட்டுச் சிறுவனுக்கு வயது மூன்றரை. மாலையானால் நோட்டும் பென்சிலுமாக அவனை உட்கார வைப்பார்கள். ஒரு பக்கம் முழுவதும் ‘அ’ எழுத வேண்டும். பென்சில் வழுக்கும், கோடு தாண்டும், அழுகை தொடங்கும். ஒருநாள் மனம் பொறாமல் அவன் கையில் ஓர் உருண்டைக் களிமண்ணைக் கொடுத்தேன். அழுகை நின்றது. ஆனால் அவன் தாயார், “மண்ணுல வெளயாடறதுக்கா தம்பி பீஸ் கட்டி அனுப்புறோம்?” என்று கேட்டார். அன்று என்னால் விடை கூற இயலவில்லை. அந்த விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

கை முதிரும் காலம்

நம் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உள்ளன. குழந்தை பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல ஒவ்வொன்றாக எலும்பாகி, கடைசி எலும்பு உருவாக ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரை ஆகிறது. விரல்களின் சிறு தசைகளும் மெல்ல மெல்லவே வலுப்பெறுகின்றன. எனவே மூன்று வயதுப் பிள்ளை பென்சிலை இறுகப் பற்றித் தடுமாறுவது சோம்பலும் அன்று, அறிவுக் குறைவும் அன்று. அந்த விரல்களுக்கு வேண்டியது பிசையவும் உருட்டவும் கிழிக்கவும் மடிக்கவுமான வேலையே!

அறிஞர் கண்ட வழி

இவ்வுண்மையை முதலில் உணர்ந்து செயற்படுத்தியவர்களுள் ஒருவர் ஜெர்மானியரான ஃப்ரோபெல். 1840இல் தம் பள்ளிக்குக் ‘கிண்டர்கார்டன்’, அதாவது குழந்தைகள் தோட்டம், எனப் பெயரிட்ட அவர், தாள் மடித்தலையும் பின்னுதலையும் களிமண் வேலையையும் பாடமாகவே வைத்தார்.

அவருக்குப் பின் வந்தவர் இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி. 1907இல் ரோம் நகரின் ஏழைக் குழந்தைகளுக்காகப் பள்ளி தொடங்கிய அவர், குமிழ் வைத்த மர உருளைகளைக் கொடுத்தார். குமிழை மூன்று விரலால் பிடித்துத் தூக்கும் குழந்தை, பென்சில் பிடிக்கும் முறையைத் தானறியாமலே பழகிவிடுகிறது. உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிய பின்னரே எழுதுகோல் கைக்கு வந்தது. இவ்வம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். போர்க்காலத்தில் கோடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். காந்தியடிகளும் 1937இல் வார்தாவில் கைத்தொழிலை நடுவாக வைத்த ஆதாரக் கல்வியை நாட்டின்முன் வைத்தார் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

நம் அருகில் உள்ள செல்வம்

இவற்றுக்கெல்லாம் விலையுயர்ந்த கருவிகள் வேண்டுமோ என அஞ்ச வேண்டியதில்லை. மூலக்குளத்திலிருந்து விழுப்புரம் சாலையில் மேற்கே சென்றால் வில்லியனூர். அவ்வூர்ச் சுடுமண் சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றவை. அக்கலையில் சிறந்த புதுச்சேரிக் கலைஞர் முனுசாமி கிருஷ்ணபக்தருக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பழைய தாளைக் கூழாக்கிப் பொம்மை செய்யும் திருக்கனூர்க் கலையும் புவிசார் குறியீடு பெற்றதே. மண்ணும் பழந்தாளும் உலகப் புகழ் தரும் மண்ணில் வாழ்ந்துகொண்டு, அவற்றைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் வைப்பது முறையாகுமா?

செய்யக்கூடியவை

களிமண்: முதலில் கோலிக்குண்டு உருட்டட்டும், பிறகு பாம்பு, பிறகு அகல் விளக்கு. உருட்டும்போது உள்ளங்கையும், கிள்ளும்போது விரல் நுனிகளும் வலுப்பெறும். பெரியது, சிறியது, நீளம், குட்டை என்னும் சொற்களும் உடன் வரும்.

தாள்: இரண்டு வயதில் கிழிப்பதே போதுமான வேலை. நான்கு வயதில் கப்பல் மடிக்கலாம். தாளை ஒருமுறை மடித்தால் அரை, மறுமுறை மடித்தால் கால். பின்னக் கணக்கு இங்கேயே தொடங்கிவிடுகிறது அன்றோ?

ஓலை: தென்னங்கீற்றில் காற்றாடி செய்து ஓடினால், காற்று கண்ணுக்குத் தெரியாவிடினும் பொருளை அசைக்கும் என்பது விளங்கும்.

விதை: புளியங்கொட்டையையும் சோளத்தையும் கலந்து பிரிக்கச் சொன்னால், வகைப்படுத்தலும் எண்ணலும் பழகும். ஆனால் மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சிறு விதைகளைத் தரலாகாது, விழுங்கினால் மூச்சடைக்கும். குன்றிமணியை எந்த வயதிலும் தரவே கூடாது. அதன் விதை கொடிய நஞ்சு.

ஓர் எச்சரிக்கை

பள்ளிக் கண்காட்சிக்கென்று தாய் செய்து, பிள்ளை தூக்கிச் செல்லும் அழகிய பொம்மையால் பயன் ஒன்றுமில்லை. கோணலாக இருந்தாலும் குழந்தை தானே செய்ததே பாடம். நாம் செய்ய வேண்டியது அருகில் அமர்ந்து, “இது என்ன?” என்று கேட்பது மட்டுமே. அது சொல்லும் கதையில் மொழியும் வளர்கிறது.

நம் கடமை

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அதன் பயனாக இன்று அங்கன்வாடிகள் நம் தெருக்களிலேயே உள்ளன. நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும் மாணவ நண்பர்களே! சாலையைச் செப்பனிட்ட பின் அரைமணி நேரம் அங்கன்வாடிக்கும் செல்லுங்கள். ஒரு கூடைக் களிமண்ணும் பழைய செய்தித்தாளும் போதும்.

அடுத்த வீட்டு அக்காவுக்கு இப்போது என்னிடம் விடை இருக்கிறது: “மண்ணில் விளையாடுவதும் படிப்புதான், அக்கா.” சிறுவனுக்கு ‘அ’ இன்னும் நேராக வரவில்லை. ஆனால் நோட்டைக் கண்டதும் அவன் இப்போது அழுவதில்லை. களிமண் உலர்ந்த விரல்களோடு பென்சிலைத் தானே எடுக்கிறான். தொடக்கத்திற்கு இது போதும்.