முதிரும்வரை வட்டி உங்களுடையதல்ல

ஜொகூர் பாருவில் பல குடும்பங்களின் சேமிப்பு இரண்டு நாடுகளில் கிடக்கிறது. கடற்பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை, அங்கே ஒரு வைப்பு. இங்கே இரண்டு மூன்று வங்கிகளில் எஃப்டி எனும் நிரந்தர வைப்பு. சலுகை வட்டி எங்கே அறிவிக்கிறார்களோ அங்கே பணம் நகரும். கைப்பேசியிலேயே வைப்புப் போட முடிகிற காலம் என்பதால், பெட்டியில் பூட்டி வைக்கக் காகிதச் சான்றிதழும் பலரிடம் இல்லை. எது எங்கே, என்றைக்கு முதிர்கிறது என்பது வீட்டில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த சங்கதியாகிவிடுகிறது. அந்த ஒருவர் படுத்துவிட்டால்? அதனால்தான் இதைக் கணக்கு மென்பொருளில் ஏற்றி வையுங்கள் என்று வற்புறுத்துகிறேன். ஏற்றுகிற விதம்தான் முக்கியம்.

சேமிப்புக் கணக்கிலிருந்து 10,000 ரிங்கிட்டை எடுத்து எஃப்டியில் போடுகிறீர்கள். வரவு செலவு மட்டுமே அறிந்த செயலியில் இது செலவாகப் பதிவாகும். முதிர்ந்து திரும்பும்போது அதே பணம் வருமானமாக நிற்கும். இரண்டுமே பொய்க்கணக்கு. பணம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். 1494இல் வெனிஸில் அச்சான நூலில் லூக்கா பச்சோலி விளக்கிய இரட்டைப் பதிவு முறை இதைச் சரியாகப் பிடிக்கிறது. க்னூகேஷ் போன்ற இலவச மென்பொருள்கள் இன்றும் அதே முறையில்தான் இயங்குகின்றன.

மூவாரிலும் பத்து பகாட்டிலும் வட்டிக்கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இந்த ஒழுங்கை நன்கு அறிந்தவர்கள். நடப்பு வட்டியில் ஓடும் பணம் வேறு, தவணை வட்டியில் நிற்கும் பணம் வேறு. தவணை முடிந்தால் வட்டி அசலோடு சேரும். அடுத்த தவணை அந்தப் புதுத் தொகையில் தொடங்கும். மென்பொருளிலும் அப்படியே செய்யுங்கள். வங்கிக்கு ஒரு தலைப்பு, அதன்கீழ் ஒவ்வொரு வைப்புக்கும் தனிக் கணக்கு. கணக்கின் பெயரிலேயே முதிர்வு நாளும் வட்டி விகிதமும் இருக்கட்டும்.

வட்டியை நாள்கணக்கில்தான் போடுகிறார்கள். ஜனவரி 1 அன்று 10,000 ரிங்கிட், 3 விழுக்காடு, ஆறு மாதம் என்றால் 181 நாள். ஜூலை 1 அன்று 148.77 ரிங்கிட் சேரும். அதையும் சேர்த்துப் புதுப்பித்தால் மீதி 184 நாளுக்கு 153.48. ஆக மொத்தம் 302.25. ஓராண்டுக்கு ஒரே தவணையாகப் போட்டிருந்தால் 300. வித்தியாசம் சொற்பம். ஆனால் தானாகப் புதுப்பிக்கும்போது சலுகை விகிதம் போய், வங்கியின் வழக்கமான குறைந்த விகிதம் வந்து உட்கார்ந்தால் இழப்பு அதைவிடப் பெரிது.

சிலர் மாதாமாதம் வட்டியைத் தாங்களே கணக்கிட்டு வருமானமாக எழுதி வைக்கிறார்கள். மலேசியாவில் இதை நான் ஏற்க மாட்டேன். 2019 ஜனவரி 1 முதல் போட்ட அல்லது புதுப்பித்த வைப்பை முதிரும் முன் எடுத்தால் வட்டியே கிடையாது. முன்பு பாதி வட்டியாவது கிடைத்தது. ஓராண்டு வைப்பைப் பதினோராம் மாதம் மருத்துவச் செலவுக்காக எடுத்தாலும் கைக்கு வருவது அசல் மட்டுமே. மாதாமாதம் வட்டி தரும் வைப்பாக இருந்தாலொழிய, முதிர்வு நாளில் மட்டும் எழுதுங்கள்: வட்டி வருமானத்திலிருந்து வைப்புக் கணக்குக்கு ஒரே பதிவு.

வங்கி வாரியாகத் தலைப்பு வைப்பதில் இன்னொரு பயனும் உண்டு. மலேசிய வைப்புக் காப்புறுதிக் கழகமான பிஐடிஎம், ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 2,50,000 ரிங்கிட் வரைதான் காப்பளிக்கிறது. இஸ்லாமிய வைப்புக்கும் கூட்டுக் கணக்குக்கும் வரம்பு தனி. சிங்கப்பூரில் 2024 ஏப்ரல் முதல் அது 1,00,000 வெள்ளி. அந்த வைப்பைச் சிங்கப்பூர் வெள்ளியிலேயே எழுதுங்கள். ரிங்கிட் மதிப்பு ஏறுவதும் இறங்குவதும் வட்டியில் கலக்கக் கூடாது.

முதிர்வு நாளுக்கு ஒரு வாரம் முன்பு நினைவூட்டல் வரும்படி அமைத்துவிடுங்கள். வைப்பை நீட்டிப்பதா, வேறு வங்கிக்கு மாற்றுவதா என்று விகிதங்களை ஒப்பிட்டு முடிவெடுக்க அந்த ஒரு வாரம் போதும்.